அஃப்கோய் வீதியில் ஒரு தாயும் இரு மகள்மாரும்



வைத்தியசாலை என்றதும் நமக்குக் கட்டடமும் கட்டில்களும் வெள்ளை உடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. சம்பளம் கொடுக்க ஓர் அமைச்சு, மருந்து அனுப்ப ஒரு களஞ்சியம், சண்டை சச்சரவென்றால் வந்து நிற்க ஒரு பொலிஸ் நிலையம் எல்லாம் எங்கோ இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் நாம் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இவற்றில் ஒன்றுமே இல்லாத நாட்டில் ஒரு வைத்தியசாலையை யார் நடத்துவது? எப்படி நடத்துவது? அதுவும் ஒரு பெண் நடத்தினால், "உனக்கென்ன உரிமை?" என்று துப்பாக்கியோடு வந்து கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இக்கேள்விகளுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்து சென்றவர் சோமாலியாவின் டாக்டர் ஹவா அப்தி. "மாமா ஹவா" என்று அந்நாட்டு மக்கள் அன்போடு அழைத்தார்கள். சோமாலியர் வழக்கில் "மாமா" என்றால் அம்மா.

தாயை இழந்த சிறுமி

ஹவா அப்தி 1947இல் மொகடிஷு நகரில் பிறந்தார். தந்தை துறைமுகத்தில் பணியாற்றியவர். ஹவாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது தாய் கர்ப்பகாலச் சிக்கலால் மரணமானார். வீட்டு வேலையும் தங்கைமார் நால்வரை வளர்க்கும் பொறுப்பும் அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தன. நல்ல மருத்துவம் கிடைத்திருந்தால் தாயைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற எண்ணம் அவருடைய உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1964இல் சோவியத் நாட்டின் புலமைப்பரிசில் கிடைத்தது. கியேவ் நகரில் மருத்துவம் பயின்று 1971இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் காலையில் வைத்தியம் பார்த்துக்கொண்டே, மீதி நேரத்தில் மொகடிஷுவிலிருந்த சோமாலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1979இல் அதிலும் பட்டம் பெற்றார். இதற்கிடையில் திருமணம் செய்தார், பிள்ளைகளையும் பெற்றார். சோமாலியாவின் முதல் பெண் மகப்பேற்று வைத்தியர்களில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

தலைநகரில் நல்ல வருமானத்தோடு இருந்திருக்கலாம். ஆனால் கிராமத்துப் பெண்கள் நகரத்துக்கு வந்து சேருமுன்னரே வழியில் இறந்துபோவதை அவர் கண்டார். 1983இல் மொகடிஷுவிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில், அஃப்கோய் செல்லும் வீதியோரம், குடும்பத்துக்குச் சொந்தமான விவசாய நிலத்தில் ஓர் அறை கொண்ட சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை.

அரசு விழுந்தது, அவர் நின்றார்

1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் வந்ததை வேறோர் ஆட்சி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குலமும் ஆயுதம் தூக்கியது. படித்தவர்களில் பலர் கென்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார்கள். ஹவாவும் போயிருக்கலாம். ஆனால் அவருடைய பாட்டி, "உன் படிப்பை வைத்துப் பலவீனர்களுக்கு உதவு" என்ற கருத்துப்பட அறிவுரை சொன்னதாகவும், அதனாலேயே தங்கிவிட்டதாகவும் அவர் கூறியிருக்கிறார். பாட்டிமாரின் ஒரு சொல் எத்தனை உயிர்களுக்குக் காரணமாகிவிடுகிறது பாருங்கள்!

முதலில் அவரிடம் வேலை செய்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிலத்தில் தங்க வந்தார்கள். பிறகு காயப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களைத் தூக்கி வந்தவர்களும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கினார்கள். 1992இல் பஞ்சம் நாட்டை உலுக்கியது. கம்புகளை வளைத்து நட்டு, துணியும் பொலித்தீனும் போர்த்திய குடிசைகள் வயல் முழுவதும் பரவின. அகதி முகாம் என்றால் என்னவென்று இந்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் நுழைந்ததையடுத்து, 2007இல் மொகடிஷுவில் கடும் சண்டை மூண்டது. இலட்சக்கணக்கானோர் அஃப்கோய் வீதி வழியாக வெளியேறினார்கள். அந்த வீதியோரம் உலகிலேயே உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் மிக அடர்த்தியாகக் கூடியிருந்த இடங்களில் ஒன்றாகியது. ஓர் அறையில் தொடங்கிய வைத்தியசாலை நானூறு கட்டில்கள் கொண்டதாக வளர்ந்தது. அதைச் சுற்றிய ஏறத்தாழ 1300 ஏக்கரில் 2011 வரட்சிக் காலத்தில் தங்கியிருந்தோரின் தொகை 90,000 என்று சொல்லப்பட்டது. ஒரு நகரத்தின் சனத்தொகை அது. அதற்கு மேயரும் இல்லை, நகரசபையும் இல்லை. ஒரு தாயும் அவருடைய மகள்மாரும்தான் இருந்தார்கள்.

மகள்மார் தெக்கோ, ஆமினா இருவரும் தாயின் வழியிலேயே மகப்பேற்று மருத்துவம் படித்தவர்கள். மூவருமே சத்திர சிகிச்சை செய்யக்கூடியவர்கள். வெளிநாட்டில் பிழைக்க வழி இருந்தும் மகள்மார் திரும்பி வந்தார்கள் என்பதில்தான் அந்தத் தாயின் வளர்ப்புத் தெரிகிறது.

நோய்க்கு முன்னர் தண்ணீர்

இப்படிப்பட்ட இடத்தில் வைத்தியம் என்பது ஊசியும் மருந்தும் மட்டுமல்ல. குடிக்கும் நீர் கெட்டால் வயிற்றோட்டம் வரும். உணவு குறைந்தால், சாதாரண சின்னமுத்தே பிள்ளையைக் கொண்டுபோய்விடும். எனவே அவர்கள் கிணற்று நீரைக் காசில்லாமல் கொடுத்தார்கள். நிலத்தில் பயிர் செய்தார்கள். நிவாரண உணவை மட்டும் நம்பி இருந்தால் மனிதன் கையேந்தவே பழகிவிடுவான் என்பதால், இடம்பெயர்ந்தவர்களுக்கு விவசாயமும் மீன்பிடியும் பழக்கினார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை வந்தது. பெண்கள் எழுத்தும் கைத்தொழிலும் கற்க வகுப்புகள் வந்தன.

நிவாரணத்தை நம்ப முடியாது என்பதற்கு விரைவிலேயே சான்று கிடைத்தது. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலால் 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம் தென் சோமாலியாவின் பெரும் பகுதியில் தன் பணியை நிறுத்தியது. அடுத்த வருடமே மழை பொய்த்தது. 2011 ஓகஸ்டில் அஃப்கோய் வீதியோர முகாம்களும் பஞ்சப் பிரதேசம் என்று ஐக்கிய நாடுகள் சபையால் அறிவிக்கப்பட்டன. அந்தப் பஞ்சத்தில் சோமாலியா முழுவதும் சுமார் 260,000 பேர் மாண்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இரண்டே சட்டங்கள்

அந்நிலத்தில் தங்க வந்தவர்களுக்கு ஹவா இரண்டு நிபந்தனைகளை வைத்தார். ஒன்று, இங்கே குலப்பெயர் சொல்லக்கூடாது. "நான் இன்ன குலம்" என்று பிரிவினை பேசுபவருக்கு அங்கே இடமில்லை. மற்றது, மனைவியை அடிக்கக்கூடாது. அடித்தவனைப் பிடித்துப் பூட்டி வைக்க முகாமுக்குள்ளேயே ஒரு சிறு அறை இருந்தது.

வாசகர்களே, இந்த இரண்டையும் சற்று நிதானித்து நோக்குங்கள். சோமாலியாவை அழித்தது குலவெறி. ஒரே கலிமா, ஒரே மொழி, ஒரே மத்ஹப் கொண்ட மக்கள் இவர்கள். நம்மைப் போலவே ஷாபிஈகள். அப்படியிருந்தும் பாட்டன் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் வெட்டி மாய்த்தார்கள். அறியாமைக் காலத்து இந்த நோயை நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின் பேருரையிலேயே காலடியில் போட்டு மிதித்தார்கள். அந்தச் செய்தியை மிம்பரில் நின்று சொல்வது எளிது. பசித்த ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்று அதை நடைமுறைப்படுத்துவது எளிதல்ல. ஒரு குலத்தவனுக்கு ஒரு மருந்துப் போத்தல் கூடப் போனதென்ற பேச்சு எழுந்தால் போதும், வைத்தியசாலையே போர்க்களமாகியிருக்கும்.

இரண்டாவது சட்டமும் அப்படித்தான். வீடிழந்து தொழிலிழந்த ஆண் தன் இயலாமையின் கோபத்தை மனைவி மேல் இறக்குவான். அடிபட்ட கர்ப்பிணிகளுக்குக் கட்டுப்போடும் மகப்பேற்று வைத்தியருக்கு அது தெரியாதா? சட்டப்படி இயங்கும் நாட்டில் தனியார் எவரும் சிறைக்கூடம் வைப்பது சரியல்லதான். ஆனால் பொலிஸும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் அந்தப் பெண் வேறு யாரிடம் போவாள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

துப்பாக்கியோடு வந்தவர்கள்

2010 மே மாதம், "ஹிஸ்புல் இஸ்லாம்" என்று பெயர் சூட்டிக்கொண்ட ஆயுதக் குழுவினர் நூற்றுக்கணக்கில் வந்து வைத்தியசாலையைச் சூழ்ந்தார்கள். நிர்வாகத்தைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்கள் சொன்ன காரணம்: நீ வயதானவள், அதோடு பெண்.

அப்போது ஹவாவுக்கு அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வயதிருக்கும். அவர் அஞ்சவில்லை. நீ இளைஞன், ஆண்மகன், சரி. உன் சமூகத்துக்கு நீ செய்தது என்ன என்று அவர்களில் ஒருவனிடம் திருப்பிக் கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. உபகரணங்களை உடைத்தார்கள், நோயாளர் பதிவேடுகளை நாசமாக்கினார்கள், அவரையும் ஒரு வார காலம் காவலில் வைத்தார்கள்.

ஆனால் அவர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. முகாமிலிருந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். வெளிநாடுகளில் வாழும் சோமாலியரும் குரல் எழுப்பினார்கள். யாருடைய பிரசவத்தை அவர் பார்த்தாரோ, யாருடைய பிள்ளையைக் காப்பாற்றினாரோ அவர்களெல்லாம் அவருக்கு அரணானார்கள். குழுவினர் பின்வாங்கினார்கள். போங்கள் என்று ஹவா விட்டுவிடவில்லை. எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இஸ்லாத்தின் பெயரால் அவர்கள் வந்தபடியால், இந்த இடத்தில் சில வார்த்தைகள் சொல்லாமல் செல்ல முடியாது.

அகழ் யுத்தத்தில் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் காயமுற்றபோது எங்கே சேர்க்கப்பட்டார்கள்? காயப்பட்டோருக்குச் சிகிச்சையளித்து வந்த ருஃபைதா (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரத்தில். அது மஸ்ஜிதுன் நபவியிலேயே இருந்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி), உம்மு அதிய்யா (ரழி) ஆகியோர் யுத்தங்களுக்குச் சென்று காயப்பட்டோருக்கு மருந்திட்டதை ஸஹீஹான கிரந்தங்களிலேயே காணலாம். நோயாளரைப் பராமரிக்கும் நிலையமொன்றைப் பெண் நடத்துவது இஸ்லாத்துக்குப் புதிதென்றால், அன்று பள்ளிவாசலில் நின்ற அந்தக் கூடாரத்துக்கு என்ன பெயர்?

மருத்துவம் கற்பது பர்ளு கிபாயா என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் "இஹ்யா"வில், ஊரில் ஒரு முஸ்லிம் வைத்தியர்கூட இல்லாதிருக்க எல்லோரும் சட்டத் தர்க்கங்களைக் கற்கவே முண்டியடிக்கிறார்களே என்று மனம் வருந்தி எழுதியிருக்கிறார்கள். அதை எழுதித் தொளாயிரம் வருடங்களாகின்றன. பெண் நோயாளிக்குப் பெண் வைத்தியரே முதலில் நாடப்பட வேண்டும் என்பது நமது பிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். மனைவியின் பிரசவத்துக்கு "லேடி டாக்டர்தான் வேண்டும்" என்று கேட்கும் நாம், மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் மட்டும் தயங்குவது எந்த நியாயம்? எல்லோரும் தயங்கினால் அந்த லேடி டாக்டர் எங்கிருந்து வருவார்?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஹவா அப்தி மொகடிஷுவில் வபாத்தானார். வயது எழுபத்துமூன்று. அவர் பெயரால் அமைந்த நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை அதற்கு முன்பிருந்தே மகள் தெக்கோவும் ஆமினாவும் தோளில் ஏற்றிருந்தார்கள். பல தர்ம ஸ்தாபனங்கள் நிறுவியவரின் ஜனாஸாவோடு முடிந்துவிடுகின்றன. தாய் உயிரோடிருக்கும்போதே மகள்மாரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கியபடியால் இது முடியவில்லை. பள்ளி நிர்வாகம், மத்ரஸா, ஜனாஸா சங்கம் என்று பொதுப்பணி செய்யும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்குப் பின் யார்? அவருக்கு இன்று என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. அந்த வைத்தியசாலையின் மூலதனம் வெளிநாட்டு உதவியல்ல, பரம்பரைக் காணி. அதை வேலிபோட்டு அடைத்து வைக்காமல் வந்தவர்களுக்குத் திறந்துவிட்டார். டமஸ்கஸில் நூருத்தீன் ஸன்கி கட்டிய வைத்தியசாலையும், கெய்ரோவில் 1284இல் ஸுல்தான் கலாவூன் கட்டியதும் வக்பு வருமானத்தில்தான் நூற்றாண்டுகளாக நடந்தன. நம் ஊர்களிலும் வக்புக் காணிகள் இருக்கின்றன. ஒரு மூலையில் வாரம் ஒருநாள் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்க ஓர் அறையாவது ஒதுக்க முடியாதா? ஹவா அப்தியும் ஓர் அறையில்தானே தொடங்கினார்.

இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகள் இருந்தால், அவளைப் பக்கத்தில் அழைத்து, "அடுத்து என்ன படிக்க விருப்பம் மகள்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவள் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள்.

அல்லாஹ் டாக்டர் ஹவா அப்தியின் பணிகளை ஏற்று அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.