ஃப்ளாப்பி போனது, டிரைவர் போகவில்லை

1991 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 0.11 பதிப்பில் ஃப்ளாப்பி டிரைவர் என்றொரு சின்னக் கோப்பு இருந்தது. ஃப்ளாப்பியை ஆட்டுவிக்கும் கண்ட்ரோலர் சில்லிடம் “அடுத்த பைட்டைத் தரலாமா?” என்று அது கேட்கும். பதில் இல்லையென்றால் மறுபடி கேட்கும். பத்தாயிரம் முறை கேட்டும் சில்லு வாய் திறக்காவிட்டால் கையை விரித்துவிடும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அன்று எழுதிய அந்தப் பத்தாயிரம், முப்பது ஆண்டு தாண்டியும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அதே இடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி இருந்தவற்றில்தான் பெரும்பாலானவை மாறிப்போயின.

கோப்பின் தொடக்கத்திலேயே லினஸ் உண்மையைச் சொல்லிவிட்டார். இது ஒரே குளறுபடி, ஃப்ளாப்பிக்கு நிரல் எழுதுவது தனக்குப் பிடிக்காத வேலை, சோதித்துப் பார்க்கத் தன்னிடம் இருப்பதும் ஒன்றே ஒன்றுதான் என்று குறிப்பு எழுதி வைத்தார். பின்னால் வந்த பலர் கை வைக்க வைக்க, கோப்பு ஏறத்தாழ ஐயாயிரம் வரிக்கு வளர்ந்தது.

பாடப்புத்தகங்கள் ‘நெகிழ்வட்டு’ என்றன. கணினி மையங்களில் எல்லாரும் ஃப்ளாப்பி என்றுதான் சொன்னார்கள். மூன்றரை அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட். இதை ‘1.44 எம்.பி.’ என்று விற்றார்கள். பத்து லட்சத்தால் வகுத்தாலும் அந்த எண் வராது, 1024-ஐ 1024-ஆல் பெருக்கி வகுத்தாலும் வராது. ஆயிரத்தை 1024-ஆல் பெருக்கி, இரண்டுங்கெட்டான் எம்.பி. ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் வரும்.

கெர்னல் “இந்தப் பிரிவைக் கொடு” என்று ஒரு வரியில் கேட்டுவிடும். அதன்பின் நடப்பதெல்லாம் டிரைவரின் பாடு. மோட்டாரைச் சுழலவிட வேண்டும். வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று என்ற வேகத்தைப் பிடிக்க 0.4 விநாடி பொறுக்க வேண்டும். படிக்கும் தலையை உரிய தடத்துக்கு நகர்த்தி, சில்லுக்கு ஒன்பது பைட் கொண்ட கட்டளையை ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். வேலை முடிந்ததும் சில்லு இன்டரப்ட் கொடுத்துக் கூப்பிடும். ஓடிப்போய் ஏழு பைட் பதிலை வாங்கி, படித்தது சரிதானா என்று பார்க்க வேண்டும். அடுத்த வேண்டுகோள் உடனே வரக்கூடும் என்பதால் மோட்டாரை மூன்று விநாடி ஓடவிட்டுத்தான் நிறுத்தும்.

இதில் வேடிக்கையானது வட்டு மாற்றம். யாராவது வட்டை வெளியே எடுத்தால் ‘வட்டு மாறிவிட்டது’ என்ற சமிக்ஞையை இயந்திரம் உயர்த்திப் பிடிக்கும். புது வட்டைப் போட்டாலும் அது தானாக இறங்காது. உள்ளே வட்டு இருக்கும்போது தலை ஒரு தடமாவது நகர்ந்தால்தான் இறங்கும். அதனால் டிரைவர் தலையைச் சும்மா ஒரு தடம் தள்ளிப் பார்க்கிறது: 0-ஆம் தடத்தில் இருந்தால் 1-க்கு, வேறெங்காவது இருந்தால் ஒன்று பின்னால். சமிக்ஞை இறங்கினால் வட்டு இருக்கிறது. இறங்காவிட்டால் வாய் காலி. விவரம் தெரியாத ஒருவர் இந்த வரிகளைப் பார்த்தால், தேவையில்லாமல் தலையை ஆட்டுகிறதே என்று வெட்டி எறிந்துவிடுவார். பழைய டிரைவரைப் புதுப்பிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். அசடு போலத் தெரியும் வரிக்குப் பின்னால் ஓர் இரும்புச் சாமானின் பிடிவாதம் ஒளிந்திருக்கும்.

சாமான் மாறவில்லையே, டிரைவரை எதற்கு மாற்ற வேண்டும்? நம் ஊர்களில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை அரை அடி உயரும். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அசையாமல் நின்ற பழைய வீடு பள்ளத்தில் கிடக்கும், மழைத் தண்ணீரெல்லாம் உள்ளே வரும். லினக்ஸ் கெர்னலின் உள்விதிகளும் அப்படித்தான், நிலையாக இருப்பதில்லை. பயனாளர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை அது காப்பாற்றும். ஆனால் உள்ளே குடியிருக்கும் டிரைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. விதி மாறினால் அவர்கள்தான் வாசற்படியை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

ஒரே பிராசசர் இருந்த காலத்தில் இன்டரப்ட்டுகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் போதும், வேறு யாரும் குறுக்கே வர முடியாது. பல பிராசசர்கள் வந்ததும் அந்த உத்தி செல்லாமல் போனது. கெர்னல் முழுமைக்கும் பொதுவாக இருந்த ஒற்றைப் பெரும் பூட்டு 2011-இல் 2.6.39 பதிப்போடு ஒழிந்ததால், டிரைவர்கள் தங்களுக்கெனத் தனிப் பூட்டு போட்டுக்கொள்ள நேர்ந்தது. 2017-இல் டைமர்களை அமைக்கும் முறை மாறியது. 2018-இல் வந்ததுதான் நகைச்சுவை. பல வரிசைகளில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான வேண்டுகோள்களைக் கையாள, அதிவேக எஸ்.எஸ்.டி.களை மனத்தில் வைத்து உருவான சேமிப்பக அமைப்பு ஒன்று கெர்னலில் இருந்தது. பழைய அமைப்பை அடியோடு நீக்க முடிவானதால் ஃப்ளாப்பி டிரைவரும் புதியதற்கு மாறியாக வேண்டியதாயிற்று. 2019 மார்ச்சில் 5.0 பதிப்பு வந்தபோது, தட்டுத் தடுமாறி ஒரு நேரத்தில் ஒரு பிரிவைத் தேடும் ஃப்ளாப்பி, பல வரிசை நெடுஞ்சாலையில் மாட்டுவண்டி போல நின்றது.

அதே ஆண்டு டெனிஸ் எஃப்ரெமோவ் என்ற நிரலாளர் இந்த டிரைவரில் பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழை, எல்லை மீறி நினைவகத்தைப் படிக்கும் பிழை எனச் சிலவற்றைப் பிடித்துத் திருத்தினார். வேலை செய்யும் ஃப்ளாப்பி இயந்திரம் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், லினஸ் இதை ‘அநாதை’ என்று பராமரிப்புப் பட்டியலில் குறித்தார். சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியதே 2011-இல். கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஃப்ளாப்பிகளோ யு.எஸ்.பி. சேமிப்புச் சாதனம் என்ற வேறு வழியாகக் கெர்னலுக்குள் நுழைபவை. இந்த டிரைவருக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

2020 பிப்ரவரியில் அடுத்த பூதம் கிளம்பியது. தொடக்கத்தில் சொன்ன, பத்தாயிரம் முறை கேட்கும் அந்தச் சிறு பகுதியிலேயே எல்லை மீறிப் படிப்பதாகச் சோதனைக் கருவி காட்டியது. பார்த்தால் அங்கே சந்தேகப்படும்படி ஒரு வரிகூட இல்லை. குற்றவாளி ஒரு மேக்ரோ. நான்கு எழுத்துச் சுருக்கத்துக்குள், ‘தற்போதைய கண்ட்ரோலர் எண்’ என்ற பொது மாறியை வைத்து அட்டவணையைத் தேடும் வேலை மறைந்திருந்தது. அந்த எண் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கலாம். சரிபார்ப்பும் இருந்தது. ஆனால் எண்ணை மாறியில் எழுதிவிட்டு அதன்பிறகு சரிபார்த்தார்கள். திருடனை உள்ளே விட்டபின் கதவைச் சாத்திய கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொது மாறியின் பெயரையே பல இடங்களில் உள்ளூர் மாறிக்கும் வைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு முருகன் இருந்தால், “முருகனிடம் கொடு” என்று அனுப்பிய கடிதம் வாசலில் நிற்கிற முருகன் கைக்குப் போய்விடும். மேக்ரோவும் பக்கத்தில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டது. வரியைப் படிக்கிறவருக்கு எந்த முருகன் என்று தெரிய வழியில்லை. லினஸ் பழியைத் தன் பழைய வடிவமைப்பின் மேலேயே போட்டுக்கொண்டு, அப்போதைக்கு ஒட்டுப் போட்டார்: முதலில் சரிபார், பிறகு எழுது.

ஒட்டோடு விட மனமில்லாமல் உட்கார்ந்தவர் வில்லி டாரோ என்ற கெர்னல் நிரலாளர். அந்தச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தக் கண்ட்ரோலர், எந்த டிரைவ் என்று வரிக்கு வரி வெளிப்படையாக எழுதினார். பொது மாறிக்கும் தனிப் பெயர் கிடைத்தது. மாற்றங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சென்றன. இந்த மாதிரி வேலையில் அதுதான் பாதுகாப்பு. சுருக்கத்தை விரிப்பதால் கம்பைலர் உண்டாக்கும் இயந்திர மொழி மாறக் கூடாது. முன்னும் பின்னும் தொகுத்து ஒப்பிட்டால், கையில் சாதனம் இல்லாமலே பாதிச் சோதனை முடிந்துவிடும். எஃப்ரெமோவ் பராமரிப்பாளராகவே பெயர் கொடுத்தார். டிரைவரின் தகுதி ‘அவ்வப்போது பழுதுபார்ப்பு’ என்று மாறியது.

தூக்கி எறிந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் மெய்நிகர் கணினிகள் இன்னும் ஃப்ளாப்பியை விடவில்லை. எல்லா இயங்குதளங்களும் அறிந்த எளிய சாதனம் என்பதால், மென்பொருளாலேயே ஒரு பொய் ஃப்ளாப்பி கண்ட்ரோலரை உருவாக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். பொய் என்று இளக்காரமாக நினைக்கவும் முடியாது. 2015-இல் ‘வெனம்’ என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை, கியூ-எமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் பொய்க் கண்ட்ரோலரில்தான் இருந்தது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் ஒருவர், அதைத் தாங்கும் உண்மைக் கணினிக்குள் தாவிவிட அது வழி விட்டது. 2004 முதல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பிழை அது.

இப்போதும் அப்படிப்பட்ட மெய்நிகர் கணினியில் ஃப்ளாப்பியைப் படிக்கச் சொன்னால், டிரைவர் மோட்டாரை முடுக்கிவிட்டு, இல்லாத வட்டு வேகம் பிடிக்கட்டும் என்று 0.4 விநாடி காத்திருக்கிறது. படித்து முடித்ததும் இன்னும் மூன்று விநாடி மோட்டாரை ஓடவிடுகிறது.