கோட்டையும் உப்பும்: ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாபலிபுரம், அதை விட்டால் பாண்டிச்சேரி. நம் ஆபீஸ் பையன்களுக்கு இரண்டே ஊர்தான். நடுவில் ஒரு கோட்டை, ஒரு கோயில், ஒரு கால்வாய் இருப்பதெல்லாம் பஸ்ஸில் தூங்கும்போதே கடந்துவிடும்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கடப்பாக்கம். அங்கே இறங்கிக் கடல் பக்கம் மூன்று கிலோமீட்டர் போனால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டியது. உள்ளே நாணயச் சாலை இருந்தது. பக்கத்துப் படகுத்துறையிலிருந்து துணியும் நெய்யும் உப்பும் கப்பலேறின. 1750-ல் சுபேதார் முசாபர் ஜங், தனக்கு உதவிய பிரெஞ்சுக்கார டூப்ளேவுக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார். பத்தே வருஷம். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

மிச்சமிருக்கும் சுவரை நம் ஆட்கள் கவனித்துக்கொள்கிறார்கள். அம்பு பாய்ந்த இதயம், அதன் இரு பக்கமும் பெயர்கள். காதல் நிலைத்ததோ இல்லையோ, கீறல் நிலைத்துவிட்டது. பீரங்கியாவது சண்டைக்காக வந்தது. இவர்கள் எதற்காக வருகிறார்கள்?

கோட்டைப் பக்கம் கடைகண்ணி கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.

அங்கிருந்து தெற்கே மரக்காணம். நடை சாத்துவதற்குள் பூமீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுங்கள். சோழர் காலக் கற்றளி. சாமி கும்பிட்டதும் திரும்பி ஓடாமல் சுவரைப் பாருங்கள். கல்வெட்டுகளில் உப்பளங்களைப் பற்றிய செய்தியே இருக்கிறது. 'பேரளம்' என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊருக்குச் சோறு போட்டது உப்புதான்.

ஊரை ஒட்டி பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திராவின் காக்கிநாடா பக்கம் தொடங்கி இங்கே முடிகிறது. 1877-78 பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாத ஜனங்களைக் கூலிக்கு அமர்த்தி இதில் பெரும் வேலை நடந்தது. பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

அப்புறம் உப்பளம். கண் கூசும் வெள்ளை. பாத்தியில் நின்று பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

"கோட்டையெல்லாம் பார்த்திருக்கீங்களா ஐயா?"

"எங்க சார் நேரம்? வெயில் அடிச்சாத்தான் உப்பு. மழை வந்துட்டா வேலை இல்ல."

"மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"கடன் வாங்குவோம். வெயில் வந்ததும் அடைப்போம்."

மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரப்படும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. மாதா மாதம் சம்பளம் வாங்கும் நாம் ஒரு ஹோட்டல் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சோழன் போனான், நவாப் போனான், பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் போனார்கள். ஆளுக்கொரு கட்டடம் மிச்சம். உப்பு வாருகிறவருக்குக் கட்டடம் எதுவும் இல்லை. அவருடைய வேலை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். பேனாக்கத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!