"சடுகுடு" பாடினால் பாயிண்டு போச்சு!

சடுகுடுவும் கபடியும் ஒன்றுதானே என்பார்கள். ஊர்த் திடலில் ஒன்றுதான். பந்தயத் திடலில் அப்படி இல்லை. ஒரு சொல் மாறினால் ஒரு பாயிண்டு பறிபோகும்!

ஆரோவில் நகரம் 1968-ல் தொடங்கப்பட்டது. பல தேசத்துப் பாஷை அங்கே காதில் விழும். ஆனால் அங்கிருந்து மரக்காணம் உப்பளக் கரை வரை, உள்ளூர்க்காரர்களின் இந்த ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பேர். பெரியவர்களுக்கு அது சடுகுடு. பையன்களுக்குக் கபடி.

மூச்சுதான் கடிகாரம்

சடுகுடு, பாட்டுக்காரன் ஆட்டம். கோடு தாண்டிப் போகிறவனைப் "பாடிப் போறான்" என்றுதான் சொல்வார்கள். "சடுகுடு சடுகுடு" என்றும் பாடலாம். சொந்தமாக இட்டுக்கட்டியும் பாடலாம். மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். மூச்சு நிற்கிற வரை அவன்தான் ராஜா!

வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது. அங்கேயும் பாடுகிற ஓசைதான் ஆட்டத்தின் பேர்.

30 வினாடிதான்!

கபடி, சட்டப் புத்தகத்து ஆட்டம். ஆண்களுக்குத் திடல் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு 7 பேர். பாடிப் போகிறவருக்கு 30 வினாடி. "கபடி" என்ற சொல்லை மட்டுமே சொல்ல வேண்டும். வேறு எதைப் பாடினாலும் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். எதிர்க்கட்சிக்கு ஒரு பாயிண்டு. அடுத்துப் பாடி வரும் வாய்ப்பும் அவர்களுக்கே!

ஊரில் ஆடிப் பழகிய பையன் பந்தயத்துக்குப் போனால் முதலில் நாக்கைத்தான் பழக்க வேண்டும்.

கப்பலேறிய சொல்

"கை பிடி" என்பதே கபடி ஆனது என்று சொல்வோர் உண்டு. எப்படியோ, அந்தச் சொல்தான் கடல் தாண்டியது. 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். 2016-ல் புரோ கபடிக் கோப்பையை வென்ற பாட்னா அணிக்குத் தலைவர், தஞ்சைச் சீமைக்காரர் தர்மராஜ் சேரலாதன்.

ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பதும் கபடி ஆடினவருக்கே. சடுகுடு பாடினவருக்கு ஊரில் பேர் மட்டும்தான் மிச்சம்.

அதற்காகச் சடுகுடு செத்துவிடவில்லை. "விலைவாசி சடுகுடு ஆடுது", "என்கிட்டேயே சடுகுடு காட்டுறியா?" என்று கடைத்தெருவில் இன்னும் கேட்கலாம். விலைவாசி கபடி ஆடியதாக யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

ஆகவே, திடலுக்குள் உங்கள் பையன் "கபடி" என்றே பாடட்டும். வீட்டுக்கு வந்து உங்களோடு சடுகுடு ஆடிக்கொள்ளட்டும்!