“எல்லாமே ஐ7 தானேண்ணா?” - செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும் முன் புராசஸரில் என்ன பார்க்கணும்?

சில வாரங்களுக்கு முன்பு மணவாள நகரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சித்தி பையன் போனை நீட்டினான். மூன்று செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களின் போட்டோ. மூன்றிலும் ‘ஐ7’ என்று ஸ்டிக்கர். “எல்லாமே ஐ7 தானேண்ணா? அப்போ விலை கம்மியா இருக்கறதையே எடுத்துடட்டுமா?”

அவன் டிப்ளமோ மெக்கானிக்கல். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் சி.என்.சி. ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் சாலிட்வொர்க்ஸ் கற்றுக்கொண்டு டிசைன் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது அவன் திட்டம். கையில் இருப்பது ஓ.டி. பார்த்துச் சேர்த்த 30 ஆயிரம். தப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், திரும்ப ஆறு மாதம் ஓ.டி. பார்க்கணும்.

(ஒரு சின்னத் தகவல்: தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கப்பட்டது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். மணவாள நகர் வழியாகப் போகும் ரோட்டைப் பிடித்தால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் டெல் கம்பெனி 2007 முதல் கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. ஊரைச் சுற்றி லேப்டாப் இருந்தும், நம்ம பையன் கையில் ஒன்று இல்லை!)

ஸ்டிக்கரை விடுங்க, நம்பரைப் படிங்க

அவன் காட்டிய மூன்றும் இவை: ஐ7-7500யூ, ஐ7-7700ஹெச்.க்யூ, ஐ7-8750ஹெச். கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்தான் ஜெனரேஷன். அதாவது 7, 7, 8. (10-வது ஜெனரேஷனிலிருந்து முதல் இரண்டு எண்கள்.) கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற எழுத்துதான் அந்த சிப்பின் ஜாதகம். ‘யூ’ என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் 15 வாட் ரகம். ‘ஹெச்’ என்றால் கேமிங், டிசைன் மாதிரி கனமான வேலைகளுக்கான 45 வாட் ரகம். ‘க்யூ’ என்பது நாலு கோர் என்பதற்கான அடையாளம்.

கோர் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. ஒரு கோர், ஒரு மெஷின். 7500யூ-வில் இருப்பது இரண்டே மெஷின். 7700ஹெச்.க்யூ-வில் நாலு, 8750ஹெச்-சில் ஆறு. ‘த்ரெட்’ என்று இதைவிட இரண்டு மடங்காக ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். அது இரண்டு பேலட் வைத்த மெஷின் மாதிரி. ஒரு பேலட்டில் கட்டிங் ஓடும்போதே இன்னொன்றில் ஜாப் மாட்டிவிடலாம். மெஷின் சும்மா நிற்காது. ஆனால், அதற்காக ஒரு மெஷின் இரண்டு மெஷின் ஆகிவிடாது.

ஆக, விலை கம்மியான அந்த 7500யூ, பேரில் மட்டும்தான் ஐ7. ஆபீஸ் வேலை, சினிமா பார்ப்பதற்கெல்லாம் தாராளமாகப் போதும். நூறு பார்ட் இருக்கிற அசெம்ப்ளியைத் திறந்தால் மூச்சு வாங்கும்.

ஆறு வருஷம் நாலே கோர்

இங்கேதான் பழைய ஹெச் ரக சிப்களின் கதை சுவாரஸ்யமானது. 2011-ல் வந்த ஐ7-2630க்யூ.எம். சிப்பில் நாலு கோர். 2017-ல் வந்த 7700ஹெச்.க்யூ-விலும் அதே நாலு கோர்! போட்டிக்கு ஆள் இல்லாததால் இன்டெல் நிதானமாகவே நடந்தது. 2017-ல் ஏ.எம்.டி. ரைசன் சிப்களை இறக்கியது. 2018 ஏப்ரலில் இன்டெல்லின் 8750ஹெச் ஆறு கோருடன் வந்தது. 2020-ல் ஏ.எம்.டி-யின் ரைசன் 7 4800ஹெச் எட்டு கோரைத் தொட்டது.

இன்னொரு ரகசியம். 2015-ல் வந்த 6-வது ஜெனரேஷனில் இருந்து 2020-ல் வந்த 10-வது ஜெனரேஷன் வரை, இன்டெல்லின் ஹெச் சிப்கள் எல்லாம் 14 நானோமீட்டர்தான். உள்ளே இருக்கிற கோரின் வடிவமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடியது கோர் எண்ணிக்கையும் வேகமும். அதனால் ‘9-வது ஜெனரேஷன்ணா இது, வேற லெவல்’ என்று யாராவது விலையை ஏற்றினால் அசர வேண்டாம். இன்னும் சொன்னால், 2018-ல் வந்த ஐ5-8300ஹெச்-சிலும் நாலு கோர், எட்டு த்ரெட். அதன் உச்ச வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ், 7700ஹெச்.க்யூ-வுக்கு 3.8 தான். ஐ5 ஜெயிக்கிற இடமும் இருக்கிறது பாஸ்!

“2.8 பெருசா, 2.2 பெருசா?”

சித்தி பையனின் அடுத்த கேள்வி இது. 7700ஹெச்.க்யூ-வின் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். புதிதான 8750ஹெச்-சுக்கு 2.2 தான். பார்த்தால் பழசுதான் வேகம் மாதிரி தெரியும்.

இரண்டுக்குமே மின்சார அளவு 45 வாட். அதை நாலு கோருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 11 வாட்டுக்கு மேல். ஆறுக்குப் போட்டால் ஏழரை. அதனால்தான் குறைந்தபட்ச வேகத்தை இறக்கி எழுதியிருக்கிறார்கள். அப்படியும் மொத்தமாகப் பெருக்கினால் 4-க்கு 11.2, 6-க்கு 13.2. ஒரே ஒரு கோர் ஓடும்போது 8750ஹெச் 4.1 வரை போகும்.

சாலிட்வொர்க்ஸில் மாடல் வரையும்போது பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கும். ஒரு ஃபீச்சர் முடிந்தால்தான் அடுத்தது. ட்ரில் போட்ட பிறகுதானே டேப் போட முடியும்? ரெண்டரிங், சிமுலேஷன் என்று போகும்போதுதான் ஆறு கோருக்கும் வேலை வரும். இதனாலேயே 2022-ல் வந்த சாதாரண ஐ3-1215யூ, ஒற்றைக் கோர் வேகத்தில் இந்தப் பழைய ஐ7-களைத் தெளிவாக முந்திவிடும். கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, வரைந்து பழகினால் போதும் என்றால், வாரன்ட்டியுடன் கிடைக்கும் புது ஐ3 மோசமான சாய்ஸே கிடையாது. இவனுக்கு சிமுலேஷனும் பழகணும், தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும் என்பதால் பழைய ஹெச் பக்கம் போனோம்.

சூடுதான் உண்மையான எதிரி

பேப்பரில் இருக்கும் வேகமெல்லாம் சிப் குளிர்ச்சியாக இருக்கும் வரைதான். 2018 ஜூலையில், ஐ9 போட்ட புது மேக்புக் புரோவே சூடு தாங்காமல், சொன்ன அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கிப் பெரிய பஞ்சாயத்து ஆனது. ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட் விட்டுச் சரிசெய்தது. புதுசுக்கே அந்த நிலை என்றால், ஏழெட்டு வருஷத் தூசியை ஃபேனில் சுமக்கும் லேப்டாப்பை யோசித்துப் பாருங்கள். உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். சார்ஜரையும் பாருங்கள். டெல் மாதிரி சில லேப்டாப்கள், தனக்குத் தெரியாத டூப்ளிகேட் சார்ஜரை மாட்டினால் புராசஸர் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும்.

7700ஹெச்.க்யூ-வைக் கழித்துக்கட்டிய காரணம் வேறு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8-வது ஜெனரேஷனாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கடையில் குறுக்கு வழியில் 11 ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது.

கடையில் பத்து நிமிஷம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் புராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை எல்லாம் தெரியும். ஸ்டிக்கர் பொய் சொன்னால் இங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு, இலவசமாகக் கிடைக்கும் சினிபெஞ்ச் ஆர்23-யை ஓடவிடுங்கள். பத்து நிமிஷம் எல்லாக் கோரையும் பிழிந்தெடுக்கும். அது ஓடும்போது வேகம் அடிப்படை அளவுக்குக் கீழே இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த சனிக்கிழமை திருவள்ளூரில் லோக்கல் ட்ரெயின் ஏறி, பென்டிரைவும் கையுமாக ரிச்சி ஸ்ட்ரீட் போனான். 8750ஹெச் நாலாவது நிமிஷத்திலேயே 1.7-க்கு இறங்கிவிட்டது. “தம்பி, வாங்க வந்தியா, டெஸ்ட் எடுக்க வந்தியா?” என்று கடைக்காரர் கேட்டாராம். இவன் நகரவில்லை. கடைசியில் அவரே பின்பக்கத்தைக் கழற்றி, தூசி தட்டி, புது பேஸ்ட் போட்டுக் கொடுத்தார். மறுபடி ஓட்டியதில் பத்து நிமிஷமும் 2.9-ல் நின்றது. ஸ்க்ரீன்ஷாட்டோடு எனக்கு வாட்ஸ்அப் வந்தது: “எடுத்துட்டேண்ணா. சாலிட்வொர்க்ஸ் கிளாஸ் திங்கள்கிழமையில இருந்து.”