நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கலாமா?

பருவமழையின் முதல் தூறலுக்குப் பிறகு மானாவாரி நிலங்களில் உழவு தொடங்கும்போது, வரப்போரப் புதர்களிலிருந்து நட்சத்திர ஆமைகள் வெளிவருவது உண்டு. கறுத்த ஓட்டின் மேடுகளிலிருந்து மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல் விரிந்திருப்பதால் இதற்கு இப்பெயர் வந்தது. அழகாக இருக்கிறது, கடிக்காது, ஓடாது, தீவனச் செலவும் இல்லை என்று எண்ணி இதைக் கூடையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் பலர். குழந்தைகள் விளையாடட்டும் என்பது ஒரு காரணம். வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். அவ்வாறு எடுத்துச் செல்வதற்கு முன் விவசாயிகள் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றமாகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது புலி, யானை ஆகியவற்றுடன் முதல் அட்டவணையில் உள்ளது. இந்த அட்டவணையில் உள்ள விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிக அளவாக 7 ஆண்டு சிறைத்தண்டனை உண்டு. அபராதம் ரூ.25,000க்குக் குறையாது. என் நிலத்தில்தானே கிடைத்தது என்ற வாதம் செல்லாது.

கிராமங்களுக்கு வந்து, ஆடு மேய்ப்பவர்களிடமும் சிறுவர்களிடமும் சொற்ப விலைக்கு ஆமை வாங்கிச் செல்லும் தரகர்கள் உண்டு. இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்திலிருந்து மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. 2019ஆம் ஆண்டு முதல் இவற்றின் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. கடத்தலில் பெரும் பணம் தரகருக்குப் போகிறது. வழக்கில் சிக்குபவர்களில் ஏழை விவசாயியும் இருக்கிறார்.

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பது பழமொழி. ஆமை தானாக வந்து எவர் வீட்டையும் கெடுப்பதில்லை. அதைப் பிடித்து அடைத்து வைத்தால்தான் அதிகாரிகள் வாசலுக்கு வருவார்கள்.

வீட்டில் ஏன் பிழைப்பதில்லை?

ஆமைக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் திறன் இல்லை. காலையில் வெயில் காய்ந்தும், உச்சி வேளையில் புதர் நிழலில் ஒதுங்கியும் தன் உடல் வெப்பத்தைச் சீர்செய்து கொள்கிறது. இருட்டறையிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்தால் உண்ட உணவு செரிப்பதில்லை. வெயில் படாவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஓடு மென்மையாகி உருக்குலையும், கால்கள் வலுவிழக்கும்.

இதன் இயற்கை உணவு புல், இலை, பூ, உதிர்ந்த பழம் ஆகியவை. நார்ச்சத்து மிகுந்த இந்த உணவுக்கு ஏற்றவாறே இதன் குடல் அமைந்துள்ளது. சோறு, பால், ரொட்டி, பிஸ்கட் ஆகியவை இதற்கு ஒத்துக்கொள்ளா. ஆமை பல மாதங்கள் நலிந்த பின்பே இறக்கும். ஆதலால் நோய் இருப்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை.

பெண் ஆமை மண்ணைச் சிறுநீரால் நனைத்து, பின்னங்கால்களால் குழி பறித்து முட்டையிடும். சிமெண்டுத் தரையில் இதற்கு வழியில்லை. முட்டைகள் வயிற்றிலேயே தங்கி ஆமை இறப்பதும் உண்டு.

வேறொரு தவறும் நடக்கிறது. ஆமைதானே என்று இதைக் கிணற்றிலோ தொட்டியிலோ விட்டுவிடுகிறார்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. இதற்கு நீந்தத் தெரியாது. ஆழமான நீரில் விட்டால் மூழ்கி இறந்துவிடும்.

கிணற்று ஆமை

தண்ணீர் சுத்தமாகும் என்று குளத்து ஆமையைப் பிடித்துக் கிணற்றில் விடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. பாலாமை எனப்படும் குளத்து ஆமையும் முதல் அட்டவணையில் உள்ளதே. அது செத்த மீன், நத்தை முதலியவற்றைத் தின்பது உண்மை. ஆனால் அதன் கழிவு கிணற்று நீரிலேயே கலக்கிறது. முட்டையிட அதற்குக் கரை மண் வேண்டும். செங்குத்தான கிணற்றிலிருந்து அது கரையேற முடியாது.

குழந்தைகளுக்கு வரும் நோய்

நலமாகத் தோன்றும் ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா என்ற நுண்கிருமி இருக்கலாம். ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இக்காரணத்தால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975இல் தடை விதிக்கப்பட்டது. ஆமையைத் தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நகரத்துக் கடைகளில் விற்கப்படும் வெளிநாட்டு ஆமைக்கும் இது பொருந்தும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அந்த ஆமை, வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். பின்னர் ஓர் அடி வரை வளரக்கூடியது. வளர்க்க இயலாமல் அதைக் குளத்தில் விட்டால் நம் நாட்டு ஆமைகளுக்கு இரையும் இடமும் குறையும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. உழவின்போதோ களையெடுக்கும்போதோ நட்சத்திர ஆமை தென்பட்டால், இரு கைகளாலும் ஓட்டைப் பிடித்துத் தூக்கி, அருகிலுள்ள வரப்புப் புதரின் நிழலில் விடவும். வேறு ஊருக்கோ தொலைவான காட்டுக்கோ கொண்டு செல்ல வேண்டாம்.

2. வரப்போரப் புதர்களுக்குத் தீ வைப்பதைத் தவிர்க்கவும். ஆமைகள் அங்குதான் தங்குகின்றன.

3. காயம்பட்ட ஆமை கிடைத்தால் உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.

4. ஏற்கெனவே வீட்டில் ஆமை இருந்தால், அதை வயலில் விட்டுவிட வேண்டாம். வீட்டில் தொற்றிய நோய் மற்ற ஆமைகளுக்கும் பரவக்கூடும். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு சென்று, வனத்துறையிடம் ஒப்படைக்கவும். இத்தகைய உயிரினம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே காலம் கடத்துவது நல்லதல்ல.

5. விலை பேச வரும் தரகர்களைப் பற்றி வனத்துறைக்குத் தகவல் கொடுக்கவும்.

நட்சத்திர ஆமை ஒரு முறைக்குச் சில முட்டைகளே இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு தாய் ஆமையை எடுத்துச் சென்றால், அந்த நிலத்தில் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. பழங்களைத் தின்று, புதர்க்காட்டில் விதைகளைப் பரப்புவதும் இந்த ஆமைதான். குழந்தைகள் வளர்த்து மகிழ ஓர் உயிர் வேண்டுமானால் நாட்டுக்கோழிக் குஞ்சோ ஆட்டுக்குட்டியோ வாங்கிக் கொடுக்கலாம். அதில் வருமானமும் உண்டு. ஆமை வரப்பிலேயே இருக்கட்டும்.