கிரீச்சிடும் பெல்ட் என்ன சொல்கிறது?

மார்கழி மாதத்து விடியற்காலை. தெருவில் பனியில் நனைந்து நின்ற காரை அதன் சொந்தக்காரர் கிளப்புகிறார். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் 'கிரீச்' என்ற கூரிய ஓசை தெருக்கோடி வரை கேட்கிறது. நாலைந்து வினாடிகளில் அது தானாகவே அடங்கிவிடுகிறது. "குளிருக்கு அப்படித்தான் கத்தும்" என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டுப் போகிறார்.

அவர் சொன்னது பாதி உண்மைதான். குளிரும் ஈரமும் அந்த ஓசையை வெளிப்படுத்தின. ஆனால் குறை ஏற்கெனவே உள்ளே இருந்தது. அது என்ன குறை என்பதை அந்த ஓசையைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

பெல்ட்டின் வேலை

காரின் இஞ்சினில் கிராங்க் தண்டின் முனையில் ஒரு கப்பி இருக்கிறது. பட்டறைகளில் இதைப் 'புல்லி' என்பார்கள். இதன் மேல் ஓடும் ரப்பர் பெல்ட், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், பல வண்டிகளில் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரைத் திறந்து பார்த்தவர்கள், விசிறியையும் பம்பையும் சேர்த்துச் சுழற்றும் 'ஃபேன் பெல்ட்'டை அறிவார்கள். புதிய கார்கள் பலவற்றில் நீளவாக்கில் பல வரிகள் கொண்ட அகலமான ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுழற்றுகிறது.

இந்தப் பெல்ட்டுக்குப் பற்கள் கிடையாது. அது கப்பியைப் பற்றிக்கொள்வது உராய்வு ஒன்றினால்தான். மாட்டுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டால், முரட்டுக் காளையையும் நிறுத்திவிடலாம் அல்லவா? பெல்ட்டும் அப்படித்தான். கயிறு கம்பத்தைத் தழுவும் கோணம் கூடக் கூடப் பிடிப்பு பன்மடங்காகப் பெருகுகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை காட்டினார். ஆல்டர்னேட்டரின் கப்பி சிறியது. பெல்ட் அதைத் தழுவும் பரப்பும் குறைவு. எனவே பிடிப்பு தளரும்போது பெரும்பாலும் முதலில் வழுக்குவது அந்த இடத்தில்தான்.

ஓசை எப்படிப் பிறக்கிறது?

கரும்பலகையில் சுண்ணக்கட்டி சில சமயம் கிரீச்சிடுகிறது. எண்ணெய் காணாத கதவுக் கீல் முனகுகிறது. வயலின் வில் தந்தியை இசைக்கச் செய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே.

ஒட்டி நிற்கும் இரு பரப்புகளை நகர்த்தத் தேவைப்படும் விசை அதிகம். நகரத் தொடங்கியபின் தேவைப்படும் விசை குறைவு. முன்னது நிலை உராய்வு, பின்னது இயக்க உராய்வு. பிடிப்பு போதாத பெல்ட் ஒரு கணம் கப்பியோடு ஒட்டுகிறது. இழுவை மிகும்போது வழுக்குகிறது. வழுக்கியதும் இழுவை குறைந்து மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் ஒரு வினாடியில் பல நூறு, பல ஆயிரம் முறை நிகழும்போது பெல்ட் அதிர்கிறது. அந்த அதிர்வே நம் காதில் கிரீச்சொலியாக விழுகிறது.

காலையில் ஏன்? பிறகு ஏன் அடங்குகிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இஞ்சினைக் கிளப்பியபோது பாட்டரி கணிசமான மின்சாரத்தை இழந்துவிட்டது. அதை ஈடுசெய்ய ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் தருவதாகக் கொள்வோம். இது 560 வாட். ஆல்டர்னேட்டரில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்தால், பெல்ட் சுமார் 1,000 வாட் கொண்டுவந்து தரவேண்டும்.

கிராங்க் கப்பியின் விட்டம் 15 செ.மீ. என்றும், இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பெல்ட்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 6.3 மீட்டர். திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும்: ஏறக்குறைய 160 நியூட்டன். அதாவது, 16 கிலோ எடையைத் தூக்கும் அளவு இழுவையை அந்தச் சிறு கப்பி தாங்கவேண்டும்!

இஞ்சின் வேகம் இரட்டிப்பானால் அதே திறனுக்குப் பாதி விசை போதும். பாட்டரி தேறியதும் மின்னோட்டமும் குறைகிறது. பெல்ட்டின் மேலிருந்த பனி ஈரமும் உலர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஓசை அடங்குகிறது. குறை நீங்கிவிட்டது என்று பொருளல்ல; சுமை குறைந்துவிட்டது என்பதே பொருள். குளிர்சாதனத்தைப் போட்டாலோ, பெல்ட்டால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பினாலோ சுமை ஏறும். ஓசையும் திரும்பி வரலாம்.

மூன்று குரல்கள்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, நீங்கள் ஓசையின் குணத்தைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, நீண்ட 'கிரீ...ச்'. சுமை ஏறும்போது மிகும். இது பெல்ட் தளர்ந்து வழுக்குவதன் அடையாளம்.

இரண்டாவது, சிட்டுக்குருவிபோல 'கிச் கிச்' என்று விட்டுவிட்டு வருவது. இஞ்சினின் வேகத்தோடு இதன் தாளமும் விரையும். பெரும்பாலும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததே காரணம். பெல்ட் பள்ளத்தில் நேராக இறங்காமல் பக்கச்சுவரில் உரசிக்கொண்டு இறங்குகிறது. ஓர் அடி இடைவெளியில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே வரியுள்ள பெல்ட் குரல் எழுப்பக்கூடும்.

மூன்றாவது, 'கொரகொர' என்ற உறுமலோ, 'உய்ய்' என்ற ஊளையோ. இது பெல்ட்டின் குரலன்று. கப்பியின் உள்ளே இருக்கும் பேரிங்கின் குரல். உள்ளிருக்கும் கிரீஸ் வற்றி, குண்டுகள் தேய்ந்திருக்கும்.

தண்ணீர்ச் சோதனை

முதல் இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. இஞ்சின் ஓடும்போது, சற்றுத் தள்ளி நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் தெளிப்பான் புட்டியால் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஆல்டர்னேட்டரின் மேல் பீய்ச்சவேண்டாம்.

ஓசை உடனே நின்று, சிறிது நேரத்தில் மீண்டும் வந்தால், கப்பிகளின் நேர்கோடு தவறியிருக்கிறது. பக்கவாட்டு உரசலுக்குத் தண்ணீர் மசகாகி, ஒட்டிவழுக்கும் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது. மாறாக, ஓசை முன்னிலும் பலமானால் பெல்ட்டில் இறுக்கம் போதாது. ஏற்கெனவே குறைந்திருந்த பிடிப்பைத் தண்ணீர் மேலும் குறைத்துவிட்டது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங்குகளைச் சந்தேகியுங்கள். இஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்த்தால் தெரியும். நல்ல பேரிங் வழுவழுவென்று சுழலும். கெட்டது நெறுநெறுக்கும் அல்லது ஆடும். தண்ணீர்ப் பம்பின் அடியில் நீர்க்கசிவின் தடம் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

செய்யக்கூடாதவை

ஓசையை அடக்க எண்ணெய், சோப்பு, மெழுகு தடவுவோர் உண்டு. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். மற்றவை சில நாள் வாயடைக்கும், குறையைத் தீர்க்கா. பெல்ட்டை மிகையாக இறுக்குவதும் தவறு. ஓசை நிற்கும், ஆனால் பேரிங்குகள் சீக்கிரம் தேயும். பழைய வகைப் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டை விரலால் பலமாக அழுத்தினால், பொதுவாகச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கவேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும். புதிய வண்டிகளில் வில் பொருத்திய கப்பி ஒன்று இறுக்கத்தைத் தானே காத்துக்கொள்ளும். வில் சோர்ந்திருந்தால் அதை மாற்றவேண்டும்.

வெடிப்பு இல்லை என்பதற்காகப் பெல்ட் நன்றாக இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பழைய ரப்பர் வெடித்து எச்சரிக்கும். இன்றைய ஈ.பி.டி.எம். ரப்பரோ வெடிக்காமலே, செருப்பின் அடிபோலத் தேய்ந்துகொண்டு போகும்.

இன்னொன்று: ஓடும் பெல்ட்டின் அருகில் கையையோ, துண்டின் நுனியையோ, முந்தானையையோ, பின்னலையோ கொண்டுபோகாதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் அது இழுத்துவிடும். இஞ்சின் நின்றபின்னும் மின்விசிறி தானே சுழலக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

அலட்சியத்தின் விலை

வழுக்கும் பெல்ட் சூடேறுகிறது. சூட்டில் அதன் பரப்பு கண்ணாடிபோல் மழுங்குகிறது. மழுங்கியது மேலும் வழுக்குகிறது. கடைசியில் ஓரிரவு, ஊர் எதுவும் இல்லாத நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்துபோகிறது. பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிகிறது. முகப்பு விளக்குகள் மங்கத் தொடங்குகின்றன. அந்தப் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் ஓட்டுவதாயின், சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் உச்சிக்கு ஏறுகிறது. அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் இஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பல்லாயிரம் ரூபாய்ச் செலவாகிவிடுகிறது.

அடுத்த முறை விடியற்காலையில் அந்தக் கிரீச்சொலி கேட்டால், அது அடங்கும்வரை காத்திருந்து புறப்பட்டுவிடாதீர்கள். முன்மூடியைத் திறந்து பாருங்கள். பேசத் தெரியாத இயந்திரம் தன் குறையைச் சொல்லிக்கொள்ள அந்த ஓசையைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.