யார் சொன்னது என்று கேளுங்கள்

பிள்ளைகள் வீதியில் இறங்கினால் எங்கே செல்கிறார்கள், யாருடன் சேர்கிறார்கள் என்று விசாரிக்கும் பெற்றோர் நாம். அதே பிள்ளை வீட்டின் மூலையில் அமர்ந்து கைப்பேசிக்குள் நுழைந்துவிட்டால் அவ்வாறு விசாரிக்கிறோமா? 'எனக்குத் தெரியாததெல்லாம் என் மகனுக்குத் தெரியும்' என்று பெருமையன்றோ பேசுகிறோம்! கைப்பேசியை இயக்கத் தெரிவது வேறு. அதில் வருவதை எடைபோடத் தெரிவது வேறு.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களின் இத்திறனைச் சோதித்து வந்துள்ளனர். 2016-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், விளம்பரம் என்பதற்கான குறிப்பு இருந்தும் அதைச் செய்தி என்றே நம்பினர், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர். 2019-இல் வெளியான ஆய்வில் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பங்கேற்றனர். வாக்குப் பெட்டியில் கள்ள வாக்குகளைத் திணிக்கும் மங்கலான படக்காட்சி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. ஆயினும், அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு அது வலுவான சான்று என்று 52 விழுக்காட்டினர் கூறினர். இணையத்தில் தேடிப்பார்க்க அனுமதி இருந்தும், அதன் மூலத்தைக் கண்டறிந்தவர்கள் மூவர் மட்டுமே!

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைக் கடத்தலைப் பற்றி விழிப்பூட்டுவதற்காகக் கராச்சி நகரில் நடித்து எடுக்கப்பட்ட படம் ஒன்று. தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதோடு அது முடிகிறது. அம்முடிவை வெட்டி எறிந்துவிட்டு, 2018-இல் இந்தியாவெங்கும் உண்மை நிகழ்ச்சியென்று வாட்ஸ்அப்பில் பரப்பினர். அவ்வாண்டு மே மாதம், இத்தகைய வதந்திகள் உலவிய திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலைத் தேடி வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கடத்தல்காரி என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வதந்தியை அனுப்பிய விரல்களில் எத்தனை இளம் விரல்களோ!

இதற்குப் பரிகாரம் என்ன? செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர், ஒரு பக்கத்தின் அழகையும் வாசகத்தையும் கண்டு மயங்குவதில்லை. உடனே அதை விட்டு வெளியேறி, அதை வெளியிட்டவர் யார், அவரைப் பற்றிப் பிறர் கூறுவது என்ன என்று வேறிடங்களில் தேடுகின்றனர்.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. நபிமொழிகளைத் தொகுத்த இமாம்கள், கேட்டதையெல்லாம் ஏட்டில் எழுதிவிடவில்லை. இதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா என்று தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்தனர். அந்த மரபுக்கு உரியவர்களாகிய நாம், 'அனுப்பப்பட்டது' என்ற ஒரு சொல்லையே சான்றாகக் கொள்ளலாமா?

ஆகவே பெற்றோர்களே! கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் கடமை முடிந்ததென்று கருதாதீர்கள். பிள்ளையின் அருகில் அமருங்கள். திடுக்கிடச் செய்யும் செய்தி வரும்போது, 'இதை முதலில் சொன்னது யார்? எங்கே, எப்போது எடுத்த படம்? இதை மற்றவர்களும் உறுதி செய்துள்ளனரா?' என்ற மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதிருக்கப் பழக்குங்கள். ஆனால் முதலில் நாம் பழக வேண்டும். ஆராயாது அனுப்பும் தந்தையைப் பார்த்து வளரும் மகன், வேறு எதைக் கற்றுக்கொள்வான்?